பயணக் கட்டுரையில் பாங்க் ஸ்டேட்மெண்ட் ஏன் இல்லை?

லஸ் கார்னர், ஒரு டீக்கடை வாசல், போன வருடம் ஆகஸ்ட் மாதம். அன்று காலைதான் என் பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வந்திருந்தது. விசா ஒட்டியிருக்க வேண்டிய பக்கம் காலி. கூடவே ஒரு தாள். அச்சடித்த காரணங்களின் வரிசையில் ஒன்றுக்கு எதிரே மட்டும் ஒரு டிக். விசா முடிவதற்குள் நான் ஊர் திரும்புவேன் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமாம்.

கூட ஒரு நண்பர் இருந்தார். கவிதை எழுதுகிறவர், நல்ல மனிதர். டீயை உறிஞ்சிக்கொண்டே ஆறுதல் சொன்னார். "நீ ஓவரா பிளான் பண்ற. எக்ஸெல் ஷீட்லாம் போட்டுக்கிட்டு... பயணம்னா கால் போன போக்குல போகணும். பிளான் பண்ணா அது டூர், பயணம் இல்ல."

இதை நான் முதல்முறையாகக் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் இலக்கியச் சூழலில் இது கிட்டத்தட்ட ஒரு வேதவாக்கு. டூர் போகிறவன் செல்ஃபி எடுப்பான், பயணி தொலைந்துபோவான். முன்னவன் அற்பன், பின்னவன் ஞானி. கவனியுங்கள், இரண்டு பேருமே 'அவன்'தான்.

அன்று நான் எதுவும் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு மந்தைவெளிக்கு நடந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். திட்டமிடாத பயணம் என்கிற இந்த லட்சியம், நம்மைப் போன்றவர்கள் ஐரோப்பா போகும் விஷயத்தில், ஒரு பொய். அந்தப் பொய்யைக் கட்டிக்காப்பது நம் பயணக் கட்டுரைகள்.

*

என் திட்டம் இதுதான். 16 நாட்கள், தனியாக, முழுக்க ரயிலில். வியன்னாவில் இறங்கி, அங்கிருந்து பிராக், பிராகிலிருந்து ஜெர்மனியைக் கடந்து பாரிஸ், பாரிஸிலிருந்து பார்சிலோனா, கடைசியாக போர்ட்பூ.

ரயில் டிக்கெட் என்பது அங்கே தனிப் படிப்பு. ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில் பாஸ், வெளியாட்களான நமக்கு யூரெயில் பாஸ். பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்று விளம்பரம் சொல்லும். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பெரும்பாலும் அது உண்மை. ஃபிரான்சின் அதிவேக ரயிலிலோ ஸ்பெயினின் நெடுந்தூர ரயிலிலோ ஏற வேண்டுமென்றால் பாஸுக்கு மேலே தனியாகக் காசு கொடுத்து இருக்கை பதிவு செய்ய வேண்டும். பாஸே வேண்டாம், தனித்தனி டிக்கெட் எடுக்கலாம் என்றால், மலிவான டிக்கெட்டுகள் சில மாதங்கள் முன்பே விற்றுப்போகும். அவற்றில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

இங்கேதான் நமக்கு முடிச்சு. விசா வருவதற்கு முன்னால் அந்த டிக்கெட்டை எடுத்தால் பணம் போய்விடலாம். விசா வந்த பிறகு எடுத்தால் விலை ஏறியிருக்கும். ஒரே பெட்டி, ஒரே ஜன்னல். பக்கத்து சீட்டில் உட்காரும் வியன்னாக்காரியைவிட நான் அதிகம் கொடுத்தாக வேண்டும். முன்கூட்டியே யோசிக்காதவள் என்பதாலா? இல்லை, யோசித்தும் துணிய முடியாதவள் என்பதால்.

இனி விசா. அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆறு மாதத்துக்கு முன்னால் போட முடியாது, கடைசிப் பதினைந்து நாளிலும் போட முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. இதற்கு மேல் என்னிடம் கேட்டவை: ஒவ்வோர் இரவும் எங்கே படுப்பேன், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எப்படிப் போவேன், எதற்காகப் போகிறேன், ஏன் திரும்பி வருவேன்.

கால் போன போக்கில் என்று இந்தக் கட்டத்தில் எழுதித்தான் பாருங்களேன்.

2024இல் இந்தியாவிலிருந்து போன ஷெங்கன் விண்ணப்பங்கள் சுமார் 11 லட்சம். நிராகரிக்கப்பட்டவை சுமார் 1.65 லட்சம். அதாவது ஏழு பேரில் ஒருவர். அந்த ஏழாவது ஆள் யாரும் நம் பத்திரிகைகளில் பயணக் கட்டுரை எழுதுவதில்லை. எழுத அவர்களிடம் பயணம் இல்லை.

*

விண்ணப்பிப்பதற்கு முன்பு தி.நகரில் ஓர் ஏஜெண்டைப் பார்க்கப் போனேன். பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடியில் சின்ன ஆபீஸ். என் எக்ஸெல் ஷீட்டைப் பார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது என்னம்மா ஊரு, போர்ட்பூ?"

"ஸ்பெயின் பார்டர்ல ஒரு சின்ன ஊர் சார். ஒரு எழுத்தாளர் அங்க இறந்தார்."

"சொந்தக்காரரா?"

"இல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். "ஆபீசருக்கு டவுட்டு வர்ற மாதிரி எதுவும் இருக்கக் கூடாதும்மா. பாரிஸ், ஸ்விஸ், ரோம்னு போடுங்க. ஈஃபில் டவர் பாக்கப் போறேன்னா எவனும் ஏன்னு கேக்க மாட்டான்." பிறகு மற்ற கேள்விகள். என்ன வேலை? மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல். சாலரி ஸ்லிப்? கிடையாது. கல்யாணம்? ஆகவில்லை. "அப்ப அப்பாகிட்ட ஒரு ஸ்பான்சர் லெட்டர் வாங்கிடுங்க. அவர் பென்ஷன் ஸ்டேட்மெண்ட் வெச்சா ஃபைல் கொஞ்சம் ஸ்ட்ராங் ஆகும்."

எனக்கு வயது 31. மூன்று வருடமாகச் சேர்த்த நான்கு லட்ச ரூபாய் என் கணக்கில் இருந்தது. ஆனால் அது ஐயாயிரமும் எட்டாயிரமுமாக, மாதத்தில் எந்தத் தேதியிலும், எந்தெந்தப் பெயரிலிருந்தோ வந்த பணம். அது வருமானம் மாதிரி தெரியாதாம். ரிடையரான அப்பாவின் கையெழுத்து இருந்தால்தான் என் பணம் பணமாகும்.

நான் வீம்பாக அப்பாவின் கடிதம் இல்லாமலே போட்டேன். போர்ட்பூவையும் எடுக்கவில்லை. முடிவு உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டில் எதனால் மறுத்தார்கள் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. டிக் மட்டும்தான்.

*

போர்ட்பூ ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 1940 செப்டம்பரில் வால்டர் பென்யமின், நாஜிகளிடமிருந்து தப்பிக்க, ஃபிரான்சிலிருந்து பிரனீஸ் மலையை நடந்தே கடந்து அந்த ஊருக்கு வந்தார். அவரிடம் அமெரிக்க விசா இருந்தது. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் கடப்பதற்கான அனுமதியும் இருந்தது. ஃபிரான்சை விட்டு வெளியேறும் அனுமதி மட்டும் இல்லை. திருப்பி அனுப்பப் போவதாக ஸ்பானிய போலீஸ் சொன்னது. அங்கே ஒரு விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 48. உடன் வந்தவர்கள் பிறகு அனுமதிக்கப்பட்டார்கள்.

போர்ட்பூ ஒரு ரயில் ஊர். ஃபிரான்சின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், ஸ்பெயினின் பழைய பாதைகள் 1,668. அதனால் அந்த எல்லையில் எல்லோரும் இறங்கி ரயில் மாற வேண்டியிருந்தது. அத்தனை சின்ன ஊரில் அத்தனை பெரிய ஸ்டேஷன் இருப்பது அதனால்தான். இன்று பாரிஸ்-பார்சிலோனா அதிவேக ரயில் வேறு பாதையில், மலையைக் குடைந்து போகிறது. அந்த வண்டியில் போர்ட்பூவை யாரும் பார்ப்பதில்லை.

முதல் உலகப் போருக்கு முன்னால் தான் பாஸ்போர்ட்டே இல்லாமல் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்ததை ஸ்டீஃபன் ஸ்வைக் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தக் காலம் ஐரோப்பியர்களுக்கு, தங்கள் கண்டத்துக்குள்ளாவது, ஷெங்கன் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. 2018இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தன் 18 வயதுப் பிள்ளைகளில் பல்லாயிரம் பேருக்கு இலவச ரயில் பாஸ் கொடுத்துவருகிறது, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்று. அந்தப் பையன் ஒரு காலையில் மனசு மாறி பிராகில் இறங்காமல் அடுத்த ஊருக்குப் போகலாம். நான் திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டூர்புரத்தில் இறங்காமல் வேளச்சேரி வரை போவது மாதிரி. எனக்கும் கால் போன போக்கு உண்டு, அது சென்னைப் பீச்சிலிருந்து வேளச்சேரி வரை. அவனுக்குத் திட்டம் தேவையில்லாமல் இருப்பதற்குக் காரணம் அவன் ஆன்மா விசாலமானது என்பதல்ல. அவன் குடியுரிமை விசாலமானது.

*

நம் எழுத்துக்கு வருகிறேன். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று நாம் கொண்டாடும் ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து, 50,000 அடிப் படச்சுருளைச் சேகரித்து, 1940இல் படத்தை வெளியிட்டார். எந்தப் படச்சுருள் எந்த ஊரில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து விசாரித்துப் போன பயணம் அது. கால் போன போக்கில் போனால் அது நடந்திருக்குமா? நம் மகத்தான பயணி ஒரு மகத்தான திட்டக்காரர்.

ஈழத்தவர்களைப் பாருங்கள். 1980களின் நடுவில் ஏராளமான இளைஞர்கள் விமானத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்டில் இறங்கி, நகர ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் போனார்கள். அந்தப் பக்கம் அதை எல்லை என்று அங்கீகரிக்காததால் பாஸ்போர்ட் சோதனை கிடையாது. உலக அரசியலின் ஓர் ஓட்டையைத் தெரிந்துவைத்துக்கொண்டு செய்த ரயில் பயணம். தமிழனின் ஐரோப்பிய ரயில் பயணம் என்று ஒரு நூல் எழுதப்படுமானால் முதல் அத்தியாயம் அவர்களுடையது. அந்த அனுபவத்திலிருந்து வந்த எழுத்து காகிதத்தை ஒளிக்கவில்லை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' ஓர் அகதி விண்ணப்பத்தோடு ஆரம்பிக்கிறது. விண்ணப்பம் என்கிற வடிவத்தையே அவர் இலக்கியமாக்கினார்.

சென்னையிலிருந்து போகிற நாம் என்ன செய்கிறோம்? கட்டுரை விமான ஜன்னலில் ஆரம்பிக்கும். அடுத்த பத்தியில் பனி. அதற்கடுத்து ஒரு காபிக் கடையில் தனிமை. பணம் யாருடையது, விசாவுக்கு எத்தனை தடவை அலைந்தார், யார் கையெழுத்துப் போட்டார், ஒரு வார்த்தை இருக்காது. அதைப் படிக்கிற 22 வயதுப் பெண், சொந்தமாக நாலு காசு சேர்த்ததும், தனக்கு மட்டும் ஏன் இத்தனை காகிதம், தனக்குப் பயணி மனசே இல்லையோ என்று நினைக்கிறாள். நான் நினைத்தேன். அதுதான் இந்தப் பொய்யின் விளைவு.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. சில வருடம் முன்பு ஒரு தென்மாவட்ட ஊரில், இரவு ஒன்பது மணிக்கு, பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருந்த லாட்ஜில் ரூம் கேட்டேன். "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் இல்லீங்க." அன்றைக்கு நான் திட்டமிடாமல் போயிருந்தேன். தொலைந்துபோவதன் பரவசத்தைப் பற்றி எழுதுகிற ஆண்களுக்கு அந்த ரூம் கிடைத்திருக்கும்.

*

மறுப்புகள் வரும், தெரியும்.

"ஐரோப்பா போறதே வசதி, இதுல புலம்பல் வேறயா?" ஆமாம், வசதிதான். நான்கு லட்சம் சேர்க்க முடிந்தவள் நான். அதைச் சொல்லத்தான் கட்டுரையில் கணக்கு வேண்டும் என்கிறேன். கணக்கை மறைக்கும்போதுதான் வசதி ஞானமாக வேஷம் போடுகிறது.

"இலக்கியம் என்ன கணக்குப் புத்தகமா?" கணக்கு இருப்பதால் எழுத்து கெட்டுப்போகாது. பென்யமினின் கதையில் ஒரே ஒரு காகிதத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மலையேற்றம்.

"திட்டம் போட்டா எதிர்பாராதது நடக்காதே?" கவலையே வேண்டாம். நான் கடக்க வேண்டிய ஜெர்மனியில் 2024இல் நேரத்துக்கு வந்த நெடுந்தூர ரயில்கள் 62.5 சதவீதம்தான். தெரியாத ஸ்டேஷனில் ராத்திரி இணைப்பு ரயிலை விட்டுவிட்டு நிற்கும் வாய்ப்பு திட்டக்காரிக்கும் தாராளமாக உண்டு. அப்போது அடுத்த ரயில் எது, பக்கத்தில் பெண்களுக்கான டார்மிட்டரி எங்கே என்பது அவளிடம் இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் நண்பர் சொன்னது சரி. 10 நாளில் 8 ஊர், ஊருக்கு ஒரு ரீல் என்கிற வெறியும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வெறியும் இதே விசாவின் பிள்ளைதான். அடுத்த முறை கிடைக்குமா என்று தெரியாதவர்கள் ஒரே முறையில் எல்லாவற்றையும் பார்க்கத்தான் ஓடுவார்கள்.

என் கோரிக்கை சின்னது. அடுத்த பயணக் கட்டுரையில் பனிக்கு முன்னால் ஒரு பத்தி எழுதுங்கள். எவ்வளவு செலவு, யார் பணம், எத்தனை முறை மறுத்தார்கள், யார் கையெழுத்து.

நானே தொடங்குகிறேன். அடுத்த வாரம் இரண்டாவது முறையாக விண்ணப்பிக்கிறேன். மறுபடியும் 90 யூரோ. 14ஆம் நாளில் போர்ட்பூ அப்படியே இருக்கிறது, எதற்காகப் போகிறேன் என்று இந்த முறை முழுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். அப்பாவின் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "என் காசு இல்லியேம்மா இது, நான் எதுக்கு ஸ்பான்சர்னு போடணும்?" என்று கேட்டார்.

பிறகு கையெழுத்துப் போட்டார்.