உடைக்காத பெட்டிக்கு விலை கொடுங்கள்: ஜவ்வாது மலையின் பழைய டியூப் டிவிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

ஜவ்வாது மலையின் எந்த ஊரிலும் பழைய டியூப் டிவியை உடைத்துச் செம்பு எடுப்பது நிற்க வேண்டும். அதை நிறுத்தும் சுமை செம்பு எடுக்கிறவர் தலையில் விழக் கூடாது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை வாங்கிக் கொடுத்தது மாநில அரசு. அதே அரசு அவற்றை உடையாமல், முழுப் பெட்டியாக, செம்புக்கு வியாபாரி தரும் காசுக்குக் குறையாத விலையில் திரும்ப வாங்க வேண்டும். எங்கள் அமைப்பு எடுத்திருக்கும் முடிவு இது. மலை மக்களும், கீழே போளூர், செங்கம், ஆலங்காயம், திருப்பத்தூரில் பழைய இரும்புக் கடை நடத்துவோரும், திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்ட நிர்வாகங்களும் இதன் காரணங்களை அறிய வேண்டும் என்பதற்காக இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

2006 சட்டமன்றத் தேர்தலில் அளித்த வாக்குறுதிப்படி, அன்றைய திமுக அரசு அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குலப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல், பீஞ்சமந்தை என மலை மேலும் அவை ஏறின. அந்தத் திட்டத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஊருக்கு ஒரே பெட்டி, அதுவும் பஞ்சாயத்து அறையில் பூட்டிக் கிடந்த காலத்தில், சாமை விற்றும் புளி உலுக்கியும் பிழைக்கிற வீட்டுக்குள் ஒரு டிவி வந்தது பெரிய காரியம். ஆனால் அந்தப் பெட்டி பழுதாகி மூலைக்குப் போகும் நாளில் அதை என்ன செய்வது என்று யாரும் அன்று யோசிக்கவில்லை. நாட்டின் முதல் மின்னணுக் கழிவு விதிகள் 2011-இல்தான் வெளியாயின; 2012 மே 1-இல் நடைமுறைக்கு வந்தன. அதற்குள் விநியோகமே முடிந்துவிட்டது. இன்று அந்தப் பெட்டிகளுக்குப் பதினைந்து முதல் இருபது வயது. தட்டை டிவி மலிந்துவிட்டது. பழையது திண்ணைக்கு வந்து, பிறகு ஆட்டுக் கொட்டகைக்குப் போய், கடைசியில் செம்புக்காக உடைபடுகிறது.

பெட்டிக்குள் செம்பு எங்கே இருக்கிறது என்பது டிவி மெக்கானிக் எல்லாருக்கும் தெரியும். பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றி இருக்கும் யோக் காயிலில்தான் நல்ல செம்பு. டியூபின் முகத்தைச் சுற்றி ஓடும் டீகாஸ் காயிலிலும் இருக்கும். சில பெட்டிகளில் அதுவே அலுமினியக் கம்பியாகப் போய்விடும். மீதி எல்.ஓ.டி., சிறு டிரான்ஸ்பார்மர், கரண்ட் ஒயர் ஆகியவற்றில் கொஞ்சம் கொஞ்சம். ஒன்பது, பத்துக் கிலோ எடையுள்ள பெட்டியில் இத்தனையும் சேர்த்துச் சில நூறு கிராம் தேறும். மலையேறி வரும் வியாபாரி அதற்குத் தருவது ஓரிரு நூறு ரூபாய். இந்தக் காசு சிறிது என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. கூலி இல்லாத மாதத்தில் அது ஒரு வீட்டின் மளிகைச் செலவு.

அந்தக் காசுக்குக் கொடுக்கும் விலை என்னவென்று சொல்லியாக வேண்டும். யோக் டியூபின் கழுத்தில் ஆப்பு வைத்து, பசை போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பதமாகக் கழற்ற நேரமும் கருவியும் வேண்டும். அதனால் கழுத்தையே கல்லால் தட்டி உடைக்கிறார்கள். டியூபுக்குள் வெற்றிடம், தவறான இடத்தில் அடி விழுந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கி வெளியே தெறிக்கும். ஓடும்போது டியூபின் மேல் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் இருக்கும். பெட்டியை நிறுத்திய பிறகும் அதில் கொஞ்சம் தங்கி நிற்பதுண்டு. மெக்கானிக்குகள் பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் வடிய விடுவார்கள்.

இவை உடைப்பவருக்கு அந்த நேரத்து ஆபத்துகள். ஊருக்கு நேரும் கேடு கண்ணாடியில் இருக்கிறது. படம் பார்ப்பவரை எக்ஸ்ரே கதிர் தாக்காமல் இருக்க டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறார்கள். முன்பக்கக் கண்ணாடியில் பெரும்பாலும் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும். பின்னால் கூம்பாகப் போகும் பகுதியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. செம்புக்காக உடைக்கும் கழுத்தில் அதைவிட அதிகம். கூம்பையும் முகத்தையும் ஒட்டும் பசைக்கண்ணாடியில் பெரும்பகுதியே ஈயம்தான். கண்ணாடிக்குள் ஈயம் கட்டுண்டு கிடக்கிறது, வெளியே வராது என்று சிலர் சொல்வதுண்டு. புளோரிடா பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் டியூப்களை நொறுக்கி, குப்பைமேட்டில் இருப்பதைப் போன்ற அமில நீரில் ஊறவைத்துச் சோதித்தார்கள். லிட்டருக்குச் சராசரியாக 18.5 மில்லிகிராம் ஈயம் கரைந்து வந்தது. அபாயகரக் கழிவு என்று அமெரிக்கா வகுத்திருக்கும் வரம்பு 5 மில்லிகிராம். நம் ஊர்களில் உடைத்த டியூப் ஓடையோரப் பள்ளத்துக்குப் போகிறது. செய்யாறு பிறப்பது இந்த மலையில். கமண்டல நாகநதி இறங்குவதும் இங்கிருந்துதான்.

அடுத்தது நெருப்பு. ஒயரின் மேலுறையை உரிப்பது சிரமம் என்று பாறையில் போட்டுக் கொளுத்துகிறார்கள். பி.வி.சி. உறையில் குளோரின் இருக்கிறது. அது செம்போடு சேர்ந்து எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சு உண்டாக அந்தச் செம்பே துணைபோகிறது. வெறும் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதைவிட இது மோசம். அந்தப் புகை படிந்த புல்லை மாடு மேய்ந்தால் நஞ்சு பாலின் கொழுப்பில் சேரும். கோடையில் காட்டுத்தீ பயமும் கூடவே வருகிறது. இத்தனைக்கும் எரித்துக் கருத்த செம்புக்குக் கடையில் விலை குறைவு. கையால் உரித்த பளபளப்பான செம்புக்கே நல்ல விலை.

குழந்தைகளைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஈயத்தில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. விழுங்கும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல நான்கைந்து மடங்கு சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். உடலில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் இன்னும் அதிகம். சோகை பிடித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று மலையில் வேலை செய்யும் எந்தக் கிராம சுகாதார செவிலியரையும் கேட்டுப் பாருங்கள். யூனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு ஈயம் இருப்பதாகக் கணக்கிட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடிப் பேர். ஈயம் மூளையைத் தாக்கும். படிப்பில் மந்தம் என்று பள்ளியில் பெயர் வாங்கும் பிள்ளையின் ரத்தத்தை இந்த மலையில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

இந்தக் கண்ணாடியை ஒரு காலத்தில் மறுபடி புது டியூப் செய்ய வாங்கினார்கள். டியூப் செய்யும் ஆலைகளே மூடிய பிறகு அதற்குக் கேட்பார் இல்லை. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், மறுசுழற்சி செய்கிறோம் என்று காசு வாங்கிச் சேர்த்த டியூப் கண்ணாடி ஆயிரக்கணக்கான டன் கிடங்குகளில் கைவிடப்பட்டுக் கிடந்தது. பணக்கார நாட்டிலேயே அப்படி என்றால் ஜமுனாமரத்தூருக்கு எந்த வியாபாரி கண்ணாடி வாங்க வருவார்? செம்புக்கு விலை உண்டு, ஈயக் கண்ணாடிக்கு விலை இல்லை. விலையுள்ளது கீழே இறங்குகிறது, விலையில்லாதது மலையில் தங்குகிறது.

சட்டமும் இதே திசையில்தான் சாய்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின்படி, டிவி தயாரிக்கும் நிறுவனங்கள் மறுசுழற்சியாளர்களிடம் சான்றிதழ் வாங்கித் தங்கள் கடமையை நிறைவேற்ற வேண்டும். அந்தச் சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றை மீட்டதற்குக் கிடைக்கிறது. ஈயக் கண்ணாடியைப் பத்திரமாக ஒழித்ததற்குச் சான்றிதழ் இல்லை. பதிவு பெற்ற ஆலைக்கும் செம்பு லாபம், கண்ணாடி செலவு. ஒன்றிய அரசு இந்த விதியைத் திருத்தி, டியூப் கண்ணாடியை ஒழுங்காகக் கையாண்ட எடைக்கும் சான்றிதழ் தர வேண்டும் என்று கோருகிறோம்.

விட்டுவிட்டுப் போன கழிவு என்ன செய்யும் என்பதை வட ஆற்காட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. பாலாற்றில் தோல் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது: கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும். நம் மண்ணின் வழக்கில் பிறந்த தீர்ப்பு அது. அதைத்தான் இந்த மலைக்கும் கேட்கிறோம்.

காவல் துறையைக் கொண்டு இதை நிறுத்தலாம் என்ற யோசனையை முற்றாக எதிர்க்கிறோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். சரக்கை வாங்கிக் காசு பார்த்தவர்கள் தப்பித்தார்கள். கோடரி பிடித்தவர்கள் செத்தார்கள். டிவி உடைப்பதற்கும் முதலில் வழக்கு வாங்கப்போவது சுத்தியல் பிடித்த பையன்தான். அப்படி ஒரு நாள் வரக் கூடாது.

எங்களுக்குள்ளேயே இன்னொரு கருத்து இருந்தது. கையுறையும் முகக்கவசமும் கொடுத்து, பயிற்சி தந்து, மலையிலேயே நல்ல முறையில் பிரிக்கலாம், நாலு பேருக்கு வேலை கிடைக்குமே என்று சிலர் வாதிட்டார்கள். நியாயமான ஆசை. ஆனாலும் ஏற்கவில்லை. எவ்வளவு பதமாகப் பிரித்தாலும் கடைசியில் கண்ணாடி கையில் நிற்கும். அதைப் பாதுகாப்பாகக் கொட்ட இங்கே இடம் இல்லை. அபாயகரக் கழிவுக்கான காப்பு நிலக்கிடங்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. பிரிக்கும் வேலை, கண்ணாடியை ஏற்றுக் கணக்குக் காட்டக்கூடிய பதிவு பெற்ற ஆலையில்தான் நடக்க வேண்டும். மலைக்கான வேலை சேகரிப்பதில் இருக்கிறது.

அதற்கு வழி கடினமாக இல்லை. நீலகிரியில் காலி மதுப்பாட்டில்கள் யானைக் காலைக் கிழித்தபோது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கியது. பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. விற்ற இடமே திரும்ப வாங்கும் இடமும் ஆனதுதான் காரணம். டிவி குடும்ப அட்டைக்கு வந்தது. குடும்ப அட்டைக்கே திரும்பப் போகட்டும். ரேஷன் கடைகளும் பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்களும் சேகரிப்பு மையங்களாகட்டும். உடையாத டியூபோடு வரும் பெட்டி ஒவ்வொன்றுக்கும், அரசு கொடுத்ததாக இருந்தாலும் கடையில் வாங்கியதாக இருந்தாலும், குறைந்தது 300 ரூபாய் கையில் தர வேண்டும். ஒரு பெட்டியை வாங்க அன்று இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்த அரசுக்கு இது தாங்காத தொகை ஆகாது. இன்று மலையேறி வரும் பழைய இரும்பு வியாபாரிகளையே சேகரிப்பு முகவர்களாக்கி, பெட்டிக்கு இவ்வளவு என்று தரகும் கொடுக்கலாம். எந்த வீட்டில் என்ன கிடக்கிறது என்று அவர்களைவிட அறிந்தவர் இல்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கனவே டியூப் கொட்டிய பள்ளங்களைக் கண்டறிந்து, உடைசலை அள்ளி, அருகிலுள்ள கிணற்று நீரைச் சோதித்து, முடிவை அந்த ஊர் மக்களிடம் தமிழில் தர வேண்டும். சுகாதாரத் துறை அங்கன்வாடிப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயத்தைச் சோதிக்க வேண்டும்.

இது நடக்கும்வரை மலை மக்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது: பழுதான டியூப் டிவியைத் திறக்காதீர்கள். மழை படாத இடத்தில், பிள்ளைகள் ஏறி விளையாடாதபடி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். செம்பு தேவை என்றால் பழைய மோட்டார் ஒயரையும் கரண்ட் ஒயரையும் கத்தியால் உரியுங்கள், கொளுத்தாதீர்கள். டியூப் ஏற்கனவே உடைந்திருந்தால் துடைப்பத்தால் உலரப் பெருக்க வேண்டாம், அந்தத் தூசிதான் மூச்சில் போகும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் சேர்த்துத் தடித்த சாக்கில் கட்டி, தண்ணீர் ஓடாத இடத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரே வேண்டுகோள்: கழுத்துக் கண்ணாடி ஒட்டிய யோக்கையும் எரித்த செம்பையும் வாங்காதீர்கள். நீங்கள் வாங்குவதை நிறுத்தினால் மேலே உடைப்பது குறையும்.

அடுத்த கிராம சபையில் மலையின் ஒவ்வொரு ஊராட்சியும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஊரில் எத்தனை டியூப் டிவி கிடக்கிறது, உடைந்த கண்ணாடி எந்தப் பள்ளத்தில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் எந்தக் கிணறு என்ற விவரங்களையும் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். நகல்களைத் திரட்டி மூன்று மாவட்ட ஆட்சியர்களிடமும் நேரில் கொடுக்கும் வேலையை எங்கள் அமைப்பு ஏற்றுக்கொள்கிறது.