ஓர் ஆசிரியர் எப்படி உருவாகிறார்?

ஆண்டுதோறும் சில மாதங்கள் நம் பள்ளிகளில் புதுமுகங்கள் தென்படும். தோளில் ஒரு பை, கையில் சுருட்டிய சார்ட், கனமான ரெக்கார்டு நோட்டு. பி.எட். படிக்கும் அவர்களைப் பிள்ளைகள் 'டிரெயினிங் டீச்சர்' என்பார்கள். முதல் நாள் அவர்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வார்கள். ஆசிரியர் என்ற பெயர் அந்த வணக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆசிரியராக மாறுவதற்குத்தான் காலம் பிடிக்கிறது. அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில், பாதை. தமிழ்நாட்டில் ஆசிரியராக இரண்டு முக்கிய வழிகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவர்கள் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேரலாம். இது தொடக்க வகுப்புகளுக்கானது. பட்டம் பெற்றவர்கள் பி.எட். படித்து, ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் கற்பிக்கத் தகுதி பெறலாம். முன்பு ஓராண்டாக இருந்த பி.எட்., தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி, 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டாண்டானது. இவ்விரண்டு ஆண்டில் குறைந்தது 20 வாரங்களைப் பயிற்சி மாணவர் பள்ளியில் கழிக்க வேண்டும். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம்.

அடுத்தது தேர்வு. கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு, 2010-இல் வெளியான அறிவிக்கையின்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 'டெட்' என்று நாம் சொல்வது இதைத்தான். 150 கேள்விகள், 150 மதிப்பெண். பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண். இதில் தேறினாலும் அரசுப் பணி உடனே கிடைத்துவிடாது. அதற்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும்.

படிப்பும் தேர்வும் ஒருவருக்குத் தகுதியைக் கொடுக்கின்றன. இதற்கு அப்பால் இன்னொன்று உண்டு. கல்வியியலில் அதைத் 'தொழில் அடையாளம்' என்று குறிப்பிடுகிறார்கள். 'நான் எப்படிப்பட்ட ஆசிரியர்? பிள்ளைகளுக்கு நான் எதற்காக இருக்கிறேன்?' என்ற கேள்விகளுக்கு ஓர் ஆசிரியர் தமக்குள் வைத்திருக்கும் விடையே அவருடைய தொழில் அடையாளம். ஒரு பிள்ளை தவறாகப் பதில் சொன்னால் அதட்டுவதா, காரணம் கேட்பதா என்பதை அந்தக் கணத்தில் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த விடைதான். எந்தச் சான்றிதழிலும் இது அச்சாவதில்லை.

இந்த அடையாளம் பி.எட். வகுப்பில் தொடங்குவதில்லை. அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். மருத்துவம் படிக்க வருபவர் மருத்துவரை எப்போதாவதுதான் பார்த்திருப்பார். ஆசிரியராக வருபவரோ பன்னிரண்டு ஆண்டுகள் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். ஒருவர் பள்ளியை முடிப்பதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்கள் முன்னால் இருந்திருப்பார் என்பது லார்ட்டியின் கணக்கு. இப்படிப் பார்த்தே பழகுவதைப் 'பார்வைப் பயிற்சி' என்று சொல்லலாம்.

பார்வைப் பயிற்சியால் நன்மை உண்டு. கரும்பலகை முன் நிற்பதும், குரலை உயர்த்தித் தாழ்த்துவதும், வருகைப் பதிவு எடுப்பதும் புதியவருக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குச் சாப்பாட்டின் ருசி தெரியும். அடுப்படியில் நடந்தது தெரியாது. மாணவராக இருந்தபோது நாம் ஆசிரியரின் பேச்சையும் கோபத்தையும் பாராட்டையும் பார்த்தோம். இந்தக் கணக்கை முதலில் போட்டுக்காட்டுவதா, பிறகு போட்டுக்காட்டுவதா என்று முந்தின இரவு அவர் யோசித்ததைப் பார்க்கவில்லை. அதனால் புதிய ஆசிரியர் நெருக்கடியான நேரத்தில் தம்மை அறியாமலேயே தம் பழைய ஆசிரியர் ஒருவரின் குரலில் பேசிவிடுகிறார். அது நல்ல குரலாகவும் இருக்கலாம். பிரம்போடு வந்த குரலாகவும் இருக்கலாம். ஆகவே ஆசிரியர் பயிற்சியின் முதல் வேலை, இந்தப் பழைய பதிவுகளை அவருக்கே எடுத்துக்காட்டுவது. 'உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார், ஏன்?' என்று முதல் வாரத்தில் எழுதச் சொல்வதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

பயிற்சியின் இரண்டாவது வேலை, பாடம் தெரிந்திருப்பதற்கும் பாடம் சொல்லத் தெரிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரியவைப்பது. ஆறாம் வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். 'மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா?' என்று ஆசிரியர் கேட்கிறார். ஒரு சிறுமி எழுந்து, 'நான்கில் ஒரு பங்கு' என்கிறாள். 'தப்பு, உட்காரு. அடுத்து யார்?' என்று ஒருவர் நகர்ந்துவிடலாம். இன்னொருவர், 'எப்படிம்மா சொல்ற?' என்று கேட்கலாம். சிறுமி சொல்வாள்: 'மூணைவிட நாலு பெருசு தானே, டீச்சர்?'

அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருக்கிறது. முழு எண்களில் உண்மையாக இருந்த ஒரு விதியை அவள் பின்னத்துக்கும் கொண்டுவந்திருக்கிறாள். இது தெரிந்த ஆசிரியர், 'ஒரே அளவில் ரெண்டு கடலைமிட்டாய். ஒன்றை மூணு பேர் பங்கு போட்டுக்கிறாங்க. இன்னொன்றை நாலு பேர். நீ எந்தப் பக்கம் போய் உட்காருவ?' என்பார். சிறுமி தானாகவே திருத்திக்கொள்வாள். பின்னம் என்றால் என்ன என்பது கணிதம் படித்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் பின்னத்தில் எங்கே, ஏன் தடுமாறுவார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். லீ ஷுல்மன் என்ற கல்வியியலாளர் 1986-இல் இந்த இரண்டாவது அறிவுக்குத் தனிப்பெயர் கொடுத்தார். தமிழில் அதைக் 'கற்பித்தலுக்குரிய பாட அறிவு' எனலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் இது தனித்தனி. பட்டப்படிப்பில் இது கிடைப்பதில்லை; வகுப்பில் பிள்ளைகள் சொல்லும் தவறான பதில்களிலிருந்துதான் சேர்கிறது.

மூன்றாவது வேலை, திறன்களைப் பழகுவது. ஒரே சமயத்தில் பாடம், கரும்பலகை, கேள்வி, ஒழுங்கு, நேரம் என எல்லாவற்றையும் கவனிப்பது புதியவருக்குக் கடினம். அதனால் கல்லூரியில் 'நுண்நிலைக் கற்பித்தல்' நடத்துகிறார்கள். அதாவது, ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, சிறு குழுவுக்குச் சில நிமிடங்கள் கற்பிப்பது. 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. இந்தியாவில் வழங்கும் வடிவத்தில் ஒரு சுற்று 36 நிமிடம். 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் கருத்துக் கேட்டல், 12 நிமிடம் மீண்டும் திட்டமிடல், 6 நிமிடம் மறுபடி கற்பித்தல், 6 நிமிடம் மறுபடி கருத்துக் கேட்டல். இந்தப் பங்கீட்டைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கற்பிப்பதற்கு மொத்தம் 12 நிமிடம். கேட்பதற்கும் யோசிப்பதற்கும் 24 நிமிடம். 'ஒரு பங்கு செய், இரு பங்கு சிந்தி' என்பதே இம்முறையின் உள்ளமைப்பு.

பிறகு பள்ளி. அங்கே எதிரே இருப்பவர்கள் பிள்ளைகளாக நடிக்கும் வகுப்புத் தோழர்கள் இல்லை, உண்மையான பிள்ளைகள். இந்தக் கட்டத்தில் புதிய ஆசிரியரின் மனத்தில் என்ன நடக்கிறது? ஃபிரான்சிஸ் ஃபுல்லர் என்ற உளவியலாளர் 1969-இல் இதைப் பற்றி எழுதினார். புதியவர்களின் கவலைகள் ஓர் ஒழுங்கில் நகர்கின்றன என்பது அவருடைய கருத்து. பின்னாளில் அது மூன்று கட்டங்களாக விளக்கப்பட்டது. முதலில் தன்னைப் பற்றிய கவலை. பிறகு பணியைப் பற்றிய கவலை. கடைசியாகப் பிள்ளையைப் பற்றிய கவலை.

ஒரு பயிற்சி ஆசிரியர் தினமும் நாலு வரி எழுதிவைப்பதாகக் கொள்வோம். முதல் வாரத்தில் இப்படி இருக்கும்: 'கடைசி பெஞ்சில் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தானா என்று தெரியவில்லை.' ஐந்தாம் வாரத்தில்: 'பீரியடுக்குள் பாடத்தை முடிக்க முடியவில்லை. சார்ட் மாட்டவே ஐந்து நிமிடம் போய்விட்டது.' பன்னிரண்டாம் வாரத்தில்: 'ஜன்னலோரம் இருக்கும் பையன் தலையாட்டிக்கொண்டே இருக்கிறான். நோட்டை வாங்கிப் பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படுகிறான்.' முதல் குறிப்பில் ஆசிரியர் தம்மைப் பார்க்கிறார். இரண்டாவதில் தம் வேலையைப் பார்க்கிறார். மூன்றாவதில்தான் ஒரு பிள்ளை கண்ணில் படுகிறது. தொழில் அடையாளம் உருவாகிறது என்பது இந்தப் பார்வை நகர்வதைத்தான் குறிக்கிறது.

எல்லோரும் இதே வரிசையில் நகர்வதில்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கூடப் புதிய பள்ளிக்கு மாறுதலாகிப் போனால், முதல் சில நாள்கள் தம்மைப் பற்றிய கவலைக்குத் திரும்பக்கூடும். புதிய திட்டம் வந்தாலும் அப்படியே. 2022-இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டியிருந்தது. மொத்த வகுப்புக்கும் ஒரே பாடம் நடத்திப் பழகியவர்கள் தங்களை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆக, அடையாளம் ஒருமுறை செய்து முடித்துவிடும் பொருளில்லை. பணிக்காலம் முழுவதும் திருத்தி எழுதப்படுவது.

பார்வை தானாக நகருமா? சிலருக்கு நகரும். பலருக்கு ஓர் உதவி தேவைப்படுகிறது. டொனால்ட் ஷோன் 1983-இல் எழுதிய நூலில், தேர்ந்த தொழில்முறையாளர்கள் வேலைக்கு நடுவிலும் வேலை முடிந்த பிறகும் அதைப் பற்றிச் சிந்திக்கிறார்கள் என்று விளக்கினார். புதியவருக்கு வேலைக்கு நடுவில் சிந்திக்க நேரம் இருப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது வேலைக்குப் பிந்திய நேரம்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு மூத்த ஆசிரியர் உட்கார்ந்து, 'எதை எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? நாளைக்கு எதை மாற்றப் போகிறீர்கள்?' என்று கேட்டால், அன்றைய பாடம் அனுபவமாகச் சேர்கிறது. கேட்க ஆளில்லாவிட்டால் அது வெறும் ஒரு பீரியடாகக் கழிந்துவிடுகிறது.

இப்போது நடைமுறையைப் பார்ப்போம். பள்ளியில் பயிற்சி மாணவருக்குத் துணையாக இருக்க வேண்டிய வழிகாட்டி ஆசிரியருக்குத் தம் சொந்த வகுப்புகள் இருக்கின்றன. பள்ளி விவரங்களை 'எமிஸ்' இணையதளத்தில் பதிவேற்றும் வேலை இருக்கிறது. அதனால் பயிற்சி மாணவரின் பாடத்திட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு பல இடங்களில் உறவு முடிந்துவிடுகிறது. ஆசிரியர் விடுப்பில் இருக்கும் வகுப்புக்குப் பயிற்சி மாணவரை அனுப்பிவிடுவதும் உண்டு. பயிற்சி மாணவரும் பாடத்திட்டங்களின் எண்ணிக்கையை நிரப்புவதிலேயே குறியாக இருக்கிறார். அவர் மனத்தில் அடுத்து வரும் தகுதித் தேர்வு நிற்கிறது.

தேர்வின் மீது அவ்வளவு கவனம் இருப்பதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இத்தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேர்வு தேவைதான். பாடம் தெரியாதவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளால், ஜன்னலோரப் பையன் உங்கள் கண்ணில் பட்டானா என்று கேட்க இயலாது. அதை அளக்கும் இடம் பள்ளி மட்டுமே. நம் கவனமும் பணமும் விவாதமும் தகுதியை அளப்பதில் குவிந்திருக்கின்றன. அடையாளம் உருவாகும் 16 வாரங்கள் பேச்சில் அடிபடுவதே குறைவு. இது சரிசெய்யக்கூடிய ஒரு சமநிலைக் குறை என்பதே எங்கள் கருத்து.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தலைமையாசிரியர்கள், வழிகாட்டி ஆசிரியருக்கும் பயிற்சி மாணவருக்கும் தினமும் ஒரு கால்மணி நேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்கித் தரலாம். பயிற்சி மாணவர்கள், மதிப்பெண்ணுக்கான ரெக்கார்டு நோட்டோடு, யாரிடமும் காட்ட வேண்டாத ஒரு சிறு நோட்டையும் வைத்துக்கொள்ளலாம். அதில் தினமும் ஒரு பிள்ளையைப் பற்றி இரண்டு வரி எழுதினால் போதும். மூத்த ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் வகுப்புக்கு வரும் டிரெயினிங் டீச்சரின் நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், 'இன்னைக்கு வகுப்பில் என்ன கவனிச்சீங்க?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை முழுவதும் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.