கண்டியில் போட்ட கையெழுத்து



கண்டி என்றதும் எனக்கு என் பாட்டிதான் ஞாபகத்துக்கு வரும். கிளென்மார்கனில் எங்களை இன்றும் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள்.

இலங்கையின் கரையோரத்தைப் பிடித்த போர்ச்சுகீசியராலும் டச்சுக்காரராலும் மலைக்குள் இருந்த கண்டி ராஜ்யத்தைப் பிடிக்க முடியவில்லை. 1803-ல் ஆங்கிலப் படையும் தோற்றது. ஆனால் 1815-ல் கண்டி விழுந்தது. காரணம் உட்பகை! மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மீது வெறுப்புக் கொண்ட பிரதானிகள் வெள்ளைக்காரன் பக்கம் சாய்ந்து, மார்ச் 2-ல் ஒப்பந்தம் செய்தார்கள். மன்னர் வேலூர்க் கோட்டையில் கைதியாகி 1832-ல் இறந்தார். பிரதானிகளுக்கும் நிம்மதியில்லை, 1817-ல் மூண்ட கிளர்ச்சி அடுத்த வருடமே நசுக்கப்பட்டது.

அந்த மன்னர் நாயக்கர் வழி வந்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. 'மலபார்' இனத்தாருக்குக் கண்டியை ஆள உரிமையில்லை என்று ஒப்பந்தம் சொன்னது. தென்னிந்தியரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். ஆள வரக்கூடாது, ஆனால் உழைக்க வரலாம்! காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் அதே மலைகளில் ஏற்றப்பட்டவர்கள் நம் ஜனங்கள்தானே?

1948-ல் சுதந்திரம் வந்த வருடமே இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. அந்த ஜனங்களிடம் யார் கேட்டார்கள்? பாட்டியின் அப்பா, நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருக்குன்னு அவருக்குப் படிக்கத் தெரியாது. கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, கடைசியில் நீலகிரியில் மறுபடியும் அதே கொழுந்து, அதே கூடை!

"பழைய கதை, நமக்கெதுக்குப்பா?" என்பான் என் நண்பன். கதை பழசுதான். ஆனால் நம்மைப் பற்றிய காகிதத்தில் நம்மைக் கேட்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் பழசாகிவிட்டதா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி விண்ணப்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவன் நான். போடத் தெரிந்தால் மட்டும் போதாது. மேலே உள்ளதைப் படிக்கணும், புரியலைன்னா கேட்கணும். தனியாகக் கேட்கப் பயமாயிருந்தால் சேர்ந்து கேட்கணும். சங்கம் வேறு எதுக்கு?

நமக்குள் சண்டை வரலாம். அதைத் தீர்க்க வெளியாளிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம். கண்டி அதைச் செய்து பார்த்துவிட்டது!

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை