மூணாவது பின்

போன வாரம் பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் தன் தாத்தாவின் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டியவர் தாத்தா. கனமான தகரப் பெட்டி, உள்ளே இரண்டு ஈஎல்34 வால்வுகள். வில்லுப்பாட்டையும் நாகஸ்வரத்தையும் பக்கத்து ஊர் வரை கொண்டுபோன பெட்டியில் இப்போது பேரன் கம்ப்யூட்டரை இணைத்துப் பழைய பாட்டுக் கேட்கிறார்.

"பாட்டு அருமையா இருக்கு அண்ணாச்சி. பெட்டியைத் தொட்டா மட்டும் சுருசுருங்குது. அதைப் பாத்துக் குடுங்க."

பிளக்கைப் பார்த்தேன். வயரும் மூன்று பின் பிளக்கும் புதியவை. ஆனால் பெரிய பின்னை ரம்பத்தால் அடியோடு அறுத்திருந்தார்கள்.

"ம்ம்னு ஒரே இரைச்சல். எர்த்தை எடுத்ததும் நின்னுட்டு" என்றார்.

இப்படி அறுத்த பிளக்குகள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வயிறு கலங்குகிறது. அந்தப் பின்னை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் செய்தது காரணத்தோடுதான். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும்; பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும்.

இரைச்சலுக்கும் காரணம் உண்டு. கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், நடுவே இரண்டையும் பிணைக்கும் ஆடியோ வயரின் மேல்கூடு. மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. அதில் ஓடும் சிறு மின்னோட்டம் பாட்டோடு கலந்து ஸ்பீக்கரில் ம்ம் என்கிறது. பின்னை அறுத்தால் வளையம் அறும், சத்தமும் நிற்கும். ஆனால் அதன் பிறகு உள்ளே ஃபேஸ் எங்காவது தகரத்தைத் தொட்டால், அந்த மின்சாரம் மண்ணுக்குப் போக ஆடியோ வயரின் மெல்லிய கூடு ஒன்றுதான் வழி. அது கருகி அறுந்துவிட்டால் அடுத்த வழி, பெட்டியைத் தொடுகிற ஆள்.

சுருசுருப்பு எங்கிருந்து வந்தது என்று திறந்து பார்த்தேன். ஃபேஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் பழைய காகிதக் கண்டென்சர் ஒன்று இருந்தது. 0.01 மைக்ரோஃபாரட். அது நல்ல நிலையில் இருந்தாலே 230 வோல்ட்டில் முக்கால் மில்லிஆம்பியர் கசியவிடும். எர்த் இருந்தவரை அந்தக் கசிவு தெரியாமல் மண்ணுக்குப் போனது. எர்த் போன பிறகு, ஆடியோ வயரைச் செருகாத வேளையில் விரலுக்கு வந்தது. அதே கண்டென்சர் ஒருநாள் ஷார்ட் ஆனால் பெட்டி முழுக்க 230 வோல்ட். பத்துப் பன்னிரண்டு மில்லிஆம்பியர் உடம்பில் ஓடினாலே பிடித்த கையை எடுக்க முடியாமல் போகலாம். 1972-இல் வேல்ஸுக்கு வாசிக்க வந்த ஸ்காட்லாந்து கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரை விட்டார் என்று படித்தபோது எனக்கு நம் கொடை மேடைகள்தான் நினைவுக்கு வந்தன. ஈரத் தரை, வெறுங்கால், கையில் மைக்.

பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944-இல். திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது 1963-இல். அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றுக்கும் இரண்டே வயர்தான். அவற்றில் ஏசி-டிசி செட் என்ற வகை தனி ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, கரண்ட் வயர் ஒன்று நேராகச் சேசிஸில் சேரும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் சேசிஸே ஃபேஸ். திருகும் குமிழ் கழன்ற இடத்தில் தெரியும் சிறு ஸ்குரூ போதும், ஷாக் அடிக்க. அந்த வகையில் எர்த்தைச் சேசிஸில் கொடுக்கவும் கூடாது; ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

எர்த் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நம் தெருக்களில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனி எர்த் குழி. கரியும் உப்பும் போட்டு ஜிஐ பைப்பை இறக்கியிருப்பார்கள். ஆற்றோர வண்டல் மண்ணில் அது நன்றாகப் பிடிக்கும். தேரி மணலிலும் சரல் பூமியிலும் சித்திரை வெயிலில் ஈரம் வற்றி, எர்த்தின் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் போகாது. பெட்டியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மெயின் போர்டில் போடச் சொல்லி நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கண் இமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, திருநெல்வேலி ஜங்ஷனில் ஆறே வந்து நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பல வீடுகளில் நனைந்த பெட்டிகளை வெயிலில் காயவைத்து, 'ஓடுதா பாப்போம்' என்று பிளக்கைச் செருகினார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளுக்கிடையே காகிதத்தில் ஏறிய ஈரமும் சேறும் ஒரு நாள் வெயிலுக்குப் போகாது. மெகர் வைத்து இன்சுலேஷனைப் பார்க்காமல் அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. வீட்டில் திறந்து பார்க்கவும் வேண்டாம். வால்வு செட்டில் சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும்.

தம்பியின் பெட்டியில் காகிதக் கண்டென்சரை எடுத்துவிட்டு இந்த வேலைக்கென்றே செய்த ஒய்2 வகையைப் போட்டேன். புது பிளக், எர்த்தோடு. கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே போர்டில் செருகியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஆடியோ வயரின் நடுவே ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேர்த்ததும் மிச்சமும் போனது. இரண்டு மணி நேர வேலை.

மூடியை மாட்டும்போது பின்பக்கம் துருப்பிடித்த ஸ்குரூ ஒன்றைத் தம்பி காட்டினார். அதில் நாலு முழம் பச்சை வயர் சுருட்டிக் கட்டியிருந்தது.

"இது எதுக்கு அண்ணாச்சி? கழட்டிரலாமா?"

சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். கொடைக்குச் செட் இறக்கியதும், குழாய் ஸ்பீக்கர் கட்ட ஆள் மரத்தில் ஏறும் முன்னே, வாய்க்கால் ஓரம் ஒருவர் இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் இறக்குவார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அதன் தலையில் இந்த வயரைச் சுற்றிய பிறகுதான் மைக்கை யார் கையிலும் கொடுப்பார்.