மூலையில் கிடக்கும் கம்ப்யூட்டரும் பேசும்!



நம்ம ராயகிரி பக்கம் ஒரு மூலையில் பழைய கம்ப்யூட்டர்கள் துணி போர்த்திக் கிடப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். ஒன்றில் விண்டோஸ் 98. இன்னொன்றில் எக்ஸ்பி. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன், அக்காமார் வாங்கியதில் பாஸ் லினக்ஸும் இருக்கும். "இதெல்லாம் ஒன்றோடொன்று சேராதுப்பா" என்று சொல்லி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். என் கருத்து இதுதான்: எடைக்குப் போடும் முன்னே எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்துப் பாருங்க.

எப்படிச் சேரும் என்று கேட்பீர்கள். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் தமிழ் பேசுகிறார், வாங்க வந்த கேரள வியாபாரி மலையாளம் பேசுகிறார். ஆனாலும் வியாபாரம் நடக்கிறதே! எடை, எண்ணிக்கை, ரூபாய் இந்த மூன்றும் இருவருக்கும் பொது. கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு பொது விதி உண்டு. அதற்குப் பெயர் புரோட்டோகால். எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்பது இரண்டாம் பட்சம். விதி ஒன்றாக இருந்தால் போதும்.

இது கற்பனை இல்லை. நம் நாட்டில் இணையமே இப்படித்தான் பிறந்தது. 1986-இல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐஐடி உட்பட ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் ஒரு மையம், டெல்லியில் அந்தத் துறையே என எட்டு இடங்கள். எல்லா இடத்திலும் ஒரே வகை மெஷின் கிடையாது. முதலில் மெயில் மட்டும்தான் போனது. 1992 வாக்கில் எட்டு இடங்களையும் இணைத்த லைனின் வேகம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 9.6 கிலோபிட்! மூலையில் கிடக்கும் பென்டியம் 4-இல் இருக்கும் சாதாரண நெட்வொர்க் கார்டு நொடிக்கு 100 மெகாபிட் அனுப்பும். பத்தாயிரம் மடங்குக்கும் மேல்! அதைத்தான் நாம் பழசு என்கிறோம்.

இன்னொரு சங்கதி. 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர், தன் டாஸ் கம்ப்யூட்டரிலிருந்தே யூனிக்ஸ் மெஷினில் உள்ள ஃபைல்களை எடுக்க ஆசைப்பட்டார். கம்பியில் போகும் தகவலைக் கவனித்துக் கவனித்து விதியைக் கண்டுபிடித்தார், புரோகிராம் எழுதினார். அதுதான் பிறகு சாம்பா ஆனது. இன்றும் இலவசம். லினக்ஸும் விண்டோஸும் ஃபைல் பகிர்ந்துகொள்ள அதுவே பாலம். அவரும் ஒரு மாணவர்தானே!

நமக்கு என்ன வேண்டும்? எட்டு துளை உள்ள ஒரு சுவிட்ச், கொஞ்சம் கேபிள், இரு முனைக்கும் ஆர்ஜே 45 இணைப்பு, அதை அழுத்திப் பொருத்த ஒரு கிரிம்பிங் கருவி. ஒவ்வொரு மெஷினுக்கும் 192.168.1.1, 192.168.1.2 என்று தனித்தனி நம்பர். ஒரே நம்பரை இரண்டுக்குக் கொடுத்தால் தகராறுதான்! இருப்பதில் நல்ல மெஷினில் லினக்ஸ் போட்டு, பாடக் குறிப்பு, பழைய வினாத்தாள் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டால், மற்ற மெஷின்களில் பிரவுசரைத் திறந்தாலே போதும். இன்டர்நெட் தேவையே இல்லை.

"வைரஸ் வராதா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை, விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. எனவே இந்தப் பழைய கூட்டத்தை இன்டர்நெட்டோடு இணைக்கவே கூடாது. பென் டிரைவையும் கண்டபடி செருகக் கூடாது. கரண்ட் செலவும் உண்மைதான். பழைய குண்டு மானிட்டர் அதிகம் இழுக்கும். வகுப்பு நேரத்தில் மட்டும் போடலாமே.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற எழுத்து முறைகளை ஏற்றது. 2010-இல்தான் யூனிகோடுக்கு வந்தது. அதனால் கம்பி சேர்ந்தாலும் எழுத்து சேராது. இன்றைய தமிழ் ஃபைல் விண்டோஸ் 98-இல் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துருவையும் உள்ளே சேர்த்து பிடிஎஃப் ஆக்கி வைத்தால் தீர்ந்தது. விதி பொதுவாக இல்லாவிட்டால் தாய்மொழிகூடப் புரியாமல் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நன்றாக ஓடும் பல கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அவையும் மூலைக்கு வரப்போகின்றன. அப்போதும் எடைக்குத்தானா? வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு, மெதுவாக ஓடும் மெஷின்கூடப் பெரிய வரம். பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் நெட்வொர்க் கேபிள் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினால் மட்டும் போதுமா? புது மெஷினைத் தொட்டால் திட்டு விழும். பழசைப் பயமில்லாமல் கழற்றலாம், மாட்டலாம், கற்கலாம்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். தேரில் பழைய வடம், புது வடம் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆசிரியப் பெருமக்கள் ஒரு சனிக்கிழமை மட்டும் அனுமதி தாருங்கள். கேபிள் இழுக்க நாங்கள் ரெடி!

சிந்திப்போம்! இணைப்போம்!

– பிளஸ் ஒன் மாணவி