வீடியோ ப்ராஜெக்ட்: முடிக்கும் முன் போட்டுக் காட்டுங்கள்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பிள்ளைகள் ஆர்வத்துடன் இறங்கும் வேலைகளில் வீடியோ எடிட்டிங்கும் ஒன்று. பள்ளி, கல்லூரிகளிலும் ப்ராஜெக்ட்டாக வீடியோ கேட்கிறார்கள். மொபைல் போனில் எடுத்த காட்சிகளை விண்டோஸ் 11 உடன் வரும் கிளிப்சாம்ப் அல்லது இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட், ஓபன்ஷாட் போன்ற சாப்ட்வேரில் வெட்டி ஒட்டினால் வீடியோ தயார். ஆனால் பலர் அதைச் சமர்ப்பிப்பதற்கு முதல் நாள் இரவுதான் பிறருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பார்த்தவரும் "சூப்பர்" என்கிறார். குறை சொன்னால் மட்டும் திருத்த நேரம் ஏது?

எபெக்ட், டைட்டில், பின்னணி இசை என்று செலவிடும் நேரத்தில் பாதியைப் பார்ப்பவர்களின் கருத்தறிந்து திருத்த ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. சாப்ட்வேர் துறையில் நாங்கள் செய்வதும் இதுதான். எழுதியவரே சோதித்தால் பல பிழைகள் கண்ணில் படாது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியுமே! அதனால்தான் பீட்டா பதிப்பை வெளியாட்களிடம் தருகிறோம். வீடியோவிலும் அப்படியே. ஒரு வசனத்தை ஐம்பது முறை கேட்டு எடிட் செய்தவருக்கு அது மனப்பாடம். மின்விசிறி இரைச்சலில் அது பிறருக்குப் புரியாது என்பதை அவர் உணர மாட்டார்.

முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவான முதல் முழுநீளத் திரைப்படமான 'டாய் ஸ்டோரி'யின் கதையைக் கேளுங்கள். 1993 நவம்பரில் பிக்ஸார் குழுவினர், வரைபடங்களையும் குரல்களையும் கோத்து, படத்தின் ஒரு பகுதியை டிஸ்னி நிறுவனத்தாருக்குப் போட்டுக் காட்டினர். நாயகனான வுடி பொம்மை, யாருக்கும் பிடிக்காத முரட்டுப் பேர்வழியாக இருந்தது. வேலை நிறுத்தப்பட்டது. கதையை மாற்றி எழுதிய பின்பே படம் வளர்ந்து, 1995ல் வெளியாகி வெற்றி பெற்றது. வரைபட நிலையிலேயே காட்டியதால் திருத்த முடிந்தது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. வுடி அப்படிக் கெட்டுப் போனதற்குக் காரணம், பாத்திரங்களில் இன்னும் காரம் வேண்டும் என்று டிஸ்னி தரப்பில் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றதுதான். எனவே, எங்கே வலிக்கிறது என்பதைப் பார்ப்பவரிடம் கேளுங்கள். மருந்தை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் உறவினர் மகன், தன் ஊர் ஏரியைப் பற்றி ஏழு நிமிட வீடியோ எடுத்தான். பார்த்த நண்பர்கள், "ஆரம்பம் இழுக்கிறது, மியூசிக் போடு" என்றார்கள். இழுத்தது உண்மை. ஆனால் மியூசிக் அதற்குத் தீர்வல்ல. பேசுகிற பெரியவர் யார் என்பதே இரண்டாவது நிமிடத்தில்தான் தெரிந்தது. அந்த ஒரு வரியை முன்னால் கொண்டு வந்ததும், அதே காட்சிகளை எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

செய்ய வேண்டியது எளிது. ப்ராஜெக்ட் பைலைப் புதிய பெயரில் ஒரு நகல் சேமியுங்கள். மாற்றம் பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாம். 480பி போன்ற குறைந்த ரெசல்யூஷனில் எக்ஸ்போர்ட் செய்தால் நேரம் மிச்சம். விஷயம் தெரியாத ஒருவர் உட்பட, மூன்று பேருக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். போனை எடுக்கிறாரா, "என்ன சொன்னான்?" என்கிறாரா? அந்த நிமிடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். முடிந்ததும், "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காமல், "என்ன புரிந்தது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் தடுமாறினால் அந்த இடத்தைத் திருத்தியே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் சொல்வதை யோசித்து முடிவு செய்யலாம்.

ஆசிரியர்தானே மதிப்பெண் போடுகிறார், மற்றவர் கருத்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவரும் உங்கள் வீடியோவை முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்தான். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல அங்கே உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம்.

அடுத்த ப்ராஜெக்ட்டுக்குத் தேதி தந்தவுடன், அதற்கு நான்கு நாள் முன்பாகக் காலண்டரில் ஒரு குறி போடுங்கள். வீடியோ எந்த நிலையில் இருந்தாலும் அன்று வீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள்.