கத்தி ஓய்ந்த பின்னும் கடமை ஓயாது

மயக்க நிலையில் தம் உடலைப் பிறர் கையில் ஒப்படைக்கும் நோயாளி, தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றலையும் சேர்த்தே ஒப்படைக்கிறார். அதனை அவர் மீளப் பெறும் வரை அவருக்காக விழித்திருக்கும் பொறுப்பு, ஏற்றுக்கொண்டவர்களையே சாரும். அறுவை பெரிதா சிறிதா என்பதைக் கொண்டு அப்பொறுப்பு கூடுவதோ குறைவதோ இல்லை. ஆயினும் இதயத்தையோ மூளையையோ திறக்கும்போது அச்சமும், அச்சத்தால் பலருடைய கண்காணிப்பும் சூழ்ந்து நிற்க, நாள்தோறும் நடப்பவை என்பதாலேயே எளியவை எனக் கருதப்படும் அறுவைகள் பழக்கத்தின் போக்கில் விடப்படுகின்றன.

அப்பழக்கம் எத்துணைக் கொடியதாகக்கூடும் என்பதற்கு, 2014 நவம்பரில் சத்தீசுகரின் பிலாசுபூர் மாவட்டத்தில் நடந்த கருத்தடை முகாம் சான்று. நாளொன்றுக்கு 30 அறுவைகள் என்பது வரம்பாக இருக்க, சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். காரணம் மருந்தா தொற்றா என்னும் வாதம் நீண்டதே. வரம்பு மீறப்பட்டதில் வாதத்துக்கு இடமில்லை. இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு உச்சநீதிமன்றம் 2016இல் பணித்தது.

தொலைவில் நிகழ்ந்தது என்று நாம் அமைதி கொள்வதற்கில்லை. முழங்கால் ஜவ்வுக் கிழிவுக்காகச் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் 2022 நவம்பரில் சேர்க்கப்பட்ட இளம் கால்பந்து வீராங்கனை, நுண்துளை அறுவைக்குப் பின் போடப்பட்ட இறுக்கக் கட்டினால் குருதியோட்டம் தடைப்பட்டு, வேறொரு மருத்துவமனையில் காலை இழந்து, அம்மாதம் 15ஆம் நாள் உயிரையும் இழந்தார். குருதி பெறாத தசை சில மணி நேரமே தாங்கும். பின்னர் அது மடியத் தொடங்க, அதிலிருந்து கசியும் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கும். இதனை முன்னரே உணர விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கட்டுக்கு வெளியே தெரியும் கால்விரல் நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு நொடிகளில் மீண்டும் சிவக்க வேண்டும். பாதம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். விரல்கள் அசைய வேண்டும். மருந்துக்கும் அடங்காத வலி என்றோ, கால் மரத்துப்போகிறது என்றோ நோயாளி முறையிடும்போது, ‘ஆபரேசன் செய்தால் வலிக்கத்தான் செய்யும்’ என்று தேற்றிவிட்டு எந்த மருத்துவமனையிலும் எவரும் நகர்ந்துவிடலாகாது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் 19 கூறுகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வகுத்தது. மயக்க மருந்து தருமுன்னும், கத்தி வைக்குமுன்னும், நோயாளி அறுவைக்கூடத்தை விட்டு அகலுமுன்னும் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்ய வேண்டியவை அவை. தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைக் கடைப்பிடித்தபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நோயாளியின் பெயர், அறுக்க வேண்டிய இடம், ஒவ்வாமை, உள்ளே வைத்த துணிகளின் எண்ணிக்கை என அதில் உள்ள யாவும் மருத்துவம் பயின்றோர் நன்கறிந்தவையே. நன்கறிந்ததாலேயே கேட்க மறக்கப்பட்டவை. ஆனால் அப்பட்டியல் அறுவைக்கூட வாயிலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால், ஒரு செவிலியர் எத்தனையோ கட்டில்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டின் நள்ளிரவு தொடங்குகிறது.

அந்த வார்டும் தன்னளவில் இடர் நிறைந்தது. மருத்துவமனையில் தங்குவோரில், வளமான நாடுகளில் நூற்றுக்கு 7 பேரும் ஏனைய நாடுகளில் 15 பேரும் அங்கேயே ஏதேனுமொரு தொற்றைப் பெறுகின்றனர் என்று அந்நிறுவனம் 2022இல் அறிவித்தது. தேவைக்கு மேல் ஒரு நாளும் நோயாளியைத் தங்கவைத்தல் தகாது; பழம் வாங்கிக்கொண்டு கூட்டமாய்ப் பார்க்கச் செல்லும் நம் வழக்கமும் சற்றே அடங்குதல் நலம்.

ஒரு சாவு செய்தியானதும் மருத்துவர் இருவரைப் பணியிடை நீக்கம் செய்வதோடு அரசின் கடமை தீர்ந்துவிடாது. இரவுப் பணியில் செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுதலும், எளிய அறுவைக்குப் பின் நேரும் ஒவ்வோர் இறப்பையும் ஆராய்ந்து, பெயர்களை விலக்கி, முடிவைப் பொதுவில் வைத்தலும் தவிர்க்கவியலாதவை. தனியார் மருத்துவமனைகளுக்கும் இவ்விதி பொருந்தவேண்டும். போட்ட கட்டினை அடுத்து யார், எத்தனை மணிக்குப் பார்ப்பார் என்று கேட்க வீட்டாருக்கு உரிமை உண்டு. அதற்குரிய விடை, கேட்குமுன்னரே நோயாளியின் குறிப்பேட்டில் கையொப்பத்துடன் எழுதப்பட்டிருக்க வேண்டும் என அரசு ஆணையிடுமாறு வலியுறுத்துகிறோம்.